நான்காவது மருந்து: இராயபுரத்து ஆய்வு ஒன்றின் வரலாறு

உடல் எடையைக் குறைக்க வேண்டும் என்று எண்ணாதவர் இன்று நம்மிடையே அரியர். ஆங்கிலப் புத்தாண்டிலோ தைத் திங்கள் முதல் நாளிலோ உறுதி எடுத்துக்கொள்கிறோம். விடியலில் எழுந்து நடக்கிறோம், இனிப்பைத் தவிர்க்கிறோம், இரவுச் சோற்றைக் குறைக்கிறோம். மாசி முடிவதற்குள் பழைய நிலைக்கே திரும்பிவிடுகிறோம். பின்னர் நம்மை நாமே கடிந்துகொள்கிறோம். 'மனவுறுதி போதவில்லை' என்று வீட்டாரும் சொல்கின்றனர், நண்பரும் சொல்கின்றனர், மருத்துவர் சிலரும் சொல்லிவிடுகின்றனர். இத்தீர்ப்பு முறையானதுதானா? இதுவே இக்கட்டுரை எழுப்பும் வினா.

வள்ளுவர் ஊக்கத்தின் அருமை அறியாதவர் அல்லர். ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை என்று மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தவர் அவர். ஆயினும் 'மருந்து' என்னும் 95ஆம் அதிகாரத்தில், உண்டது செரித்தபின் அளவறிந்து உண்ண வேண்டும் என்று பலவாறு வற்புறுத்திவிட்டு, இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறார். நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து ஆகிய மூன்றும் எவரும் எண்ணக்கூடியவை. நான்காவதாக அவர் வைப்பது, நோயுற்றவரின் அருகிருந்து துணைசெய்பவரை. அவருக்கு வள்ளுவர் தரும் பெயர் 'உழைச்செல்வான்'. 'உழை' என்றால் பக்கம், இடம். பக்கத்தில் நிற்பவர் மருத்துவத்தில் நான்கிலொரு பங்கு என்பது வள்ளுவரின் கணக்கு.

எடைக் குறைப்பைப் பற்றிய நம் காலத்துப் பேச்சில் இந்த நான்காமவர் காணாமல் போய்விட்டார். அவர் மீண்டும் கண்டெடுக்கப்பட்ட வரலாற்றை அறிய விரும்புவோர் வடசென்னைக்கு வர வேண்டும்.

கஞ்சித்தொட்டி

ஸ்டான்லி மருத்துவமனையைக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்று சொல்லும் வழக்கம் வடசென்னை முதியோரிடம் நெடுங்காலம் இருந்தது. பெயரின் வேர் 18ஆம் நூற்றாண்டுப் பஞ்சத்தில் இருக்கிறது. ஹைதர் அலியின் படையெடுப்பால் சுற்றுப்புற ஊர்கள் பாழ்பட, பசித்த மக்கள் சென்னப்பட்டணத்தை நோக்கி வந்தனர். அவர்களுக்குக் கஞ்சி ஊற்றும் இடமாக 1782இல் தோன்றியது மணியக்காரர் சத்திரம். சத்திரத்தோடு மருத்துவ உதவியும் சேர்ந்தது. மருத்துவ உதவி மருத்துவமனையாக வளர்ந்தது. 1938இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி உருவாயிற்று.

பசியாற்றப் பிறந்த அந்த இடத்தில், 1948ஆம் ஆண்டு, நீரிழிவு நோயாளருக்கெனத் தனிப் பிரிவொன்று தொடங்கப்பட்டது. தொடங்கியவர் பேராசிரியர் எம். விசுவநாதன். இந்திய நீரிழிவு மருத்துவத்தின் தந்தை என்று போற்றப்படுபவர். உண்ண வழியின்றி வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மரபில், உண்டதை உடல் ஏற்க மறுத்தவர்களுக்கு உணவைக் குறித்துக் கொடுக்கும் பணி வந்து சேர்ந்தது. ஒன்றரை நூற்றாண்டுக்குச் சற்றே மிகுந்த இடைவெளியில் ஒரு நகரத்தின் உடல் எவ்வாறு மாறியது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலாது.

விசுவநாதன் 1954இல் இராயபுரத்தில் தாமே ஒரு மருத்துவமனையை நிறுவினார். பொது மருத்துவமனையாகத் தொடங்கிய அது, 1970களின் தொடக்கத்தில் நீரிழிவுக்கென்றே அமைந்த மருத்துவமனையாக மாறியது. எம்.வி. நீரிழிவு மருத்துவமனை என்பது அதன் பெயர். சோற்றை அறவே விலக்கச் சொல்லும் மேலைநாட்டு முறை, சோறுண்டே வாழும் மக்களிடம் நெடுநாள் நிலைக்காது என்பதை அவர் உணர்ந்திருந்தார். நார்ச்சத்து மிகுந்த தானியமும் பயறும் காய்கறியும் கொண்ட உணவை நீரிழிவு நோயாளருக்குப் பரிந்துரைத்து, அதைப்பற்றி ஆய்வும் எழுதினார். கடைப்பிடிக்க முடியாத உணவுமுறை எத்துணைச் சிறந்ததாயினும் மருந்தாகாது என்னும் கொள்கை இதில் அடங்கியிருப்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். பின்னால் வந்த ஆய்வுகளுக்கெல்லாம் இதுவே வித்து.

உழைப்பு நீங்கிய உடல்

இராயபுரம், காசிமேடு, தண்டையார்ப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று வடக்கே நீளும் கடற்கரை, உடலுழைப்பின் கரை. 1856இல் இராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் இரயில் புறப்பட்ட நாள்தொட்டு மூட்டை சுமந்தவர்கள், துறைமுகத்தில் சரக்கு இறக்கியவர்கள், மீன்வலை இழுத்தவர்கள், ஆலைகளில் எட்டு மணி நேரம் நின்றவர்கள் ஆகியோரின் வியர்வை இக்கரையில் ஊறியிருக்கிறது. இவர்கள் காலையில் குடித்த கேழ்வரகுக் கூழும், கடித்துக்கொண்ட கருவாடும் பச்சை வெங்காயமும் இன்று உடல்நல உணவு என்ற புதுப்பெயரோடு திரும்பி வருகின்றன. அன்று அது உழைப்புக்கு ஈடான உணவு, அவ்வளவே. உண்டதைச் செலவிடும் வேலையும் அவர்களுக்குக் காத்திருந்தது.

அவ்வுழைப்பு படிப்படியாக நீங்கியது. சென்னைத் துறைமுகத்தில் சரக்குப்பெட்டக முனையம் 1983இல் செயற்படத் தொடங்கியது. மூட்டைகளாகத் தோளேறி இறங்கிய சரக்கு, பெட்டகங்களாகப் பாரந்தூக்கிகளில் ஏறியது. பெரம்பூர் பின்னி ஆலை 1996இல் மூடப்பட்டது. மிதிவண்டியில் ஆலைக்குச் சென்றவரின் மகன் மோட்டார் வண்டியில் அலுவலகம் செல்கிறார். தந்தை மிதித்த தொலைவை மகன் மிதிப்பதில்லை. தட்டிலுள்ள சோறு மட்டும் தந்தையின் அளவில் நிற்கிறது. சோறும் பழைய சோறன்று. சென்னை மக்களின் உணவு குறித்த ஆய்வொன்று, அவர்கள் பெறும் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி தீட்டிய அரிசி போன்ற தானியங்களிலிருந்தே வருவதைக் காட்டியது.

விளைவை எண்கள் சொல்கின்றன. இராயபுரத்து ஆய்வாளர் அ. இராமச்சந்திரனும் குழுவினரும் 1980களின் இறுதியில் சென்னையில் நடத்திய கணக்கெடுப்பில் வயதுவந்தோரில் 8.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. அப்போது சிற்றூர்களில் 2.4 விழுக்காடுதான். 1995இல் சென்னை நகரின் எண் 11.6 ஆயிற்று. 2006இல் 18.6 ஆயிற்று. இருபது ஆண்டுகளுக்குள் இருமடங்குக்கும் மேல். ஒரு நகரத்தில் இத்தனை இலட்சம் பேரின் மனவுறுதி இருபதே ஆண்டுகளில் குலைந்துபோயிற்று என்று சொல்ல எவரும் துணியார். மாறியது வேலை, மாறியது ஊர்தி, மாறியது உணவு. ஆயினும் பழி மட்டும் தனிமனிதர்மேல் விழுந்தது.

இராயபுரத்து ஆய்வு

நோய் வருமுன் தடுக்க முடியுமா என்ற வினா 1980களில் உலகெங்கும் எழுந்தது. சீனாவின் டாச்சிங் நகரில் 1986இல் 33 மருத்துவ நிலையங்களைக் கொண்டு 577 பேரிடம் ஆய்வு தொடங்கப்பட்டது. பின்லாந்து ஆய்வாளர்கள் 522 பேரைப் பின்தொடர்ந்து 2001இல் முடிவை வெளியிட்டனர். அமெரிக்க ஆய்வு 3,234 பேரைக் கொண்டது. அதன் முடிவு 2002இல் வந்தது. உணவையும் நடையையும் சீர்செய்தவர்களிடம் நீரிழிவு தோன்றும் வாய்ப்பு 58 விழுக்காடு குறைந்தது என்று பின்லாந்தும் அமெரிக்காவும் ஒரே எண்ணைச் சொல்லின. அமெரிக்க ஆய்வில் மெட்பார்மின் மாத்திரை தந்த பயன் 31 விழுக்காடே.

ஆயினும் அந்த ஆய்வுகளில் கலந்துகொண்டோர் பெரும்பாலும் உடல் பருத்தவர்கள். அமெரிக்க ஆய்வின் இலக்கே உடல் எடையில் 7 விழுக்காட்டைக் குறைப்பதும் வாரத்துக்கு 150 நிமிடம் உடற்பயிற்சி செய்வதும்தான். தனிப்பயிற்றுநர்களைக் கொண்டு 16 பாடங்கள் நடத்தப்பட்டன. மெலிந்த தோற்றத்திலும் நீரிழிவைச் சுமக்கும் தமிழருக்கு இம்முறை பொருந்துமா? இத்தனைப் பயிற்றுநர்களுக்கு நாம் எங்கே போவது?

இவ்வினாக்களுக்கு விடை தேடியதே இராயபுரத்திலிருந்து இராமச்சந்திரன், சி. சினேகலதா ஆகியோரும் குழுவினரும் நடத்திய 'இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டம்'. பணியிடங்களில் அறிவிப்புக் கொடுத்து, 35 முதல் 55 வயது வரையிலான பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரைச் சோதித்தனர். சர்க்கரைக் கரைசல் அருந்தி இரண்டு மணி நேரம் கழித்தும் இரத்தச் சர்க்கரை இறங்க மறுப்பவர்கள், ஆனால் நீரிழிவு எல்லையைத் தொடாதவர்கள், என 531 பேரைத் தெரிந்தெடுத்தனர். அவர்களை நான்கு பிரிவாக்கினர். முதற் பிரிவினருக்கு வழக்கமான பொது அறிவுரை மட்டும். இரண்டாம் பிரிவினருக்கு வாழ்க்கைமுறை மாற்றம். மூன்றாம் பிரிவினருக்கு மெட்பார்மின். நான்காம் பிரிவினருக்கு இரண்டும்.

வாழ்க்கைமுறை மாற்றம் என்று அவர்கள் கேட்டது மிகவும் எளியது. உட்கார்ந்தே வேலை செய்பவர்கள் நாள்தோறும் அரை மணி நேரமாவது விரைந்து நடக்க வேண்டும். ஏற்கெனவே நடந்தோ மிதிவண்டி மிதித்தோ வேலைக்குச் செல்பவர்கள், உடலுழைப்புத் தொழிலில் இருப்பவர்கள், அதையே விடாது தொடர்ந்தால் போதும். சர்க்கரையும் கொழுப்பும் தீட்டிய தானியமும் குறைய வேண்டும். நார்ச்சத்து மிக வேண்டும். விலையுயர்ந்த கருவியோ அயல்நாட்டு உணவோ எதுவும் இல்லை. உழைப்பவரின் உழைப்பையும் உடற்பயிற்சியாக மதித்த அந்த ஒரு விதியில், வடசென்னையின் இயல்பு தெரிகிறது என்று நாம் கருதுகிறோம்.

முடிவு 2006இல் வெளியாயிற்று. மூன்றாண்டுகளில், பொது அறிவுரை மட்டும் பெற்ற பிரிவில் 55 விழுக்காட்டினர் நீரிழிவு நோயாளர் ஆகியிருந்தனர். வாழ்க்கைமுறையை மாற்றிக்கொண்ட பிரிவில் 39.3 விழுக்காடு. மாத்திரைப் பிரிவில் 40.5. இரண்டும் பெற்ற பிரிவில் 39.5. நடையும் உணவும் தந்த பயன் மாத்திரைக்கு இணையாக நின்றது. இரண்டையும் சேர்த்ததால் கூடுதல் பயன் எதுவும் விளையவில்லை. ஆறேழு பேர் இவ்வழக்கத்தை மேற்கொண்டால் மூன்றாண்டுகளில் அவர்களுள் ஒருவர் நீரிழிவிலிருந்து தப்புகிறார் என்பது இதன் பொருள். மருத்துவத்தில் இது சிறிய பயனன்று.

தராசு சொல்லாத செய்தி

இவ்வாய்வில் அனைவரையும் வியக்க வைத்த செய்தி வேறொன்று உண்டு. நோய் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்த அந்த வாழ்க்கைமுறைப் பிரிவினரின் உடல் எடை குறிப்பிடத்தக்க அளவில் குறையவே இல்லை!

எடை குறையாமல் பயன் எங்ஙனம் வந்தது? நடக்கும்போது தொடைத் தசையும் காற்றசையும் இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்து எரிக்கின்றன. இயங்கும் தசை இன்சுலினின் துணை குறைவாக இருக்கும்போதும் சர்க்கரையை உள்வாங்க வல்லது. நடை முடிந்த பிறகும் பல மணி நேரம் அத்தசை இன்சுலினுக்கு நன்கு செவிசாய்க்கிறது. வயிற்றினுள் ஈரலைச் சுற்றிலும் படியும் கொழுப்பு சிறிதளவு கரைந்தாலும் பெரும்பயன் உண்டு. வீட்டுத் தராசின் முள்ளோ அதைக் காட்டாது.

தராசை மட்டும் நம்புவது தமிழருக்கு, பொதுவாக இந்தியருக்கு, இருவகையில் ஏமாற்றம் தரும். புணே நகரத்து மருத்துவர் யாஜ்னிக்கும் இலண்டன் மருத்துவர் யூட்கினும் 2004இல் 'லான்செட்' இதழில் தங்கள் இருவரின் ஒளிப்படத்தையே வெளியிட்டனர். உயரத்துக்கேற்ற எடையைக் குறிக்கும் உடல்நிறை எண் இருவருக்கும் ஒன்றே: 22.3. ஆனால் உடலிலுள்ள கொழுப்பு ஆங்கிலேயருக்கு 9.1 விழுக்காடு, இந்தியருக்கு 21.2 விழுக்காடு. மெலிந்தவர் என்று நாம் எண்ணுபவரின் உள்ளே மறைந்திருக்கும் கொழுப்பைத் தராசு சொல்லாது. அவ்வாறே, நடப்பவரின் உள்ளே நிகழும் நன்மையையும் அது சொல்லாது.

பலருடைய உறுதி தளரும் இடம் இதுவே. ஆறு வாரம் நடந்தோம், உணவைக் குறைத்தோம், முள் நகரவில்லை. எனவே வீண் என்று நிறுத்திவிடுகிறோம். இராயபுரத்தார் 531 பேரைக் கொண்டு காட்டியது, முள் நகராத அந்த நாட்களும் வீண் போகவில்லை என்பதே. எடை ஒரு கணக்கு. உடல்நலம் மற்றொரு கணக்கு. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வோர், கிடைத்துக்கொண்டிருக்கும் பயனைக் கண்டறியாமலே கைவிடுகின்றனர்.

மாதம் ஒரு தொலைபேசி

முள் நகராத போதும் அம்மக்கள் எவ்வாறு தொடர்ந்தனர்? இங்கேதான் நம் நான்காமவர் வருகிறார். முதல் நாள் நேரில் அமர்ந்து, ஒவ்வொருவரின் வேலைக்கும் வீட்டுக்கும் ஏற்ற அறிவுரை தரப்பட்டது. இரண்டு வாரம் கழித்துத் தொலைபேசியில் அழைத்தனர். அதன்பின் மாதந்தோறும் அழைத்தனர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நேரில் சந்தித்தனர். 'நடக்கிறீர்களா? எது தடையாக இருக்கிறது?' என்று கேட்பதற்கு ஒருவர் இருந்தார். அமெரிக்க ஆய்வின் பயிற்றுநர்களோடு ஒப்பிட்டால் இது மிகச் சிக்கனமான ஏற்பாடு. ஆயினும் மாத்திரைக்கு நிகராக நின்றது.

கேட்பவர் மனிதராகத்தான் இருக்க வேண்டுமா என்ற அடுத்த வினாவையும் இராமச்சந்திரனே தொடுத்தார். இலண்டன் இம்பீரியல் கல்லூரியாரோடு இணைந்து, நீரிழிவின் வாயிலில் நின்ற, வேலைக்குச் செல்லும் ஆண்கள் 537 பேரிடம் அவர் குழு நடத்திய ஆய்வு 2013இல் வெளியானது. எல்லோருக்கும் தொடக்கத்தில் ஒரே அறிவுரை. பாதிப் பேருக்கு மட்டும் அதன்பின் கைப்பேசியில் குறுஞ்செய்திகள் தொடர்ந்து சென்றன. எண்ணிப் பார்ப்பவர், தொடங்கியவர், தளர்ந்தவர் என்று அவரவர் நிற்கும் படிநிலைக்கு ஏற்பவும், அவரவர் விரும்பிய நேரத்திலும் அச்செய்திகள் அனுப்பப்பட்டன. இரண்டாண்டு முடிவில், செய்தி பெறாதவர்களில் 27 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்திருந்தது. பெற்றவர்களில் 18 விழுக்காடு. அறிவுரையில் வேறுபாடில்லை, மனவுறுதியில் ஒரு சாரார் மேம்பட்டவர் என்று கொள்ளவும் இடமில்லை, குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டவர்கள் அவர்கள். வேறுபாடு, நினைவூட்ட ஒன்று இருந்ததிலும் இல்லாததிலும் மட்டுமே.

சென்னையில் பின்னர் நடந்த மற்றோர் ஆய்வு, 578 பேரைக் குழுவாக அமர்த்தி வகுப்பு நடத்தியது. தேவைப்பட்டோருக்கு மாத்திரையும் தந்தது. 2016இல் வெளியான அதன் முடிவிலும் நோய் வாய்ப்பு 32 விழுக்காடு குறைந்தது. கேரளத்தில் ஊர்மக்களிலேயே ஒருவரைத் துணைவராக அமர்த்தி 1,007 பேரிடம் நடத்திய ஆய்வில் (2018) நோய்க்குறைவு புள்ளியியல் உறுதி பெறும் அளவுக்கு அமையவில்லை. ஆகவே எவரோ ஒருவர் பக்கத்தில் இருந்தால் எல்லாம் நடந்துவிடும் என்று நாம் மிகைப்படுத்தலாகாது. ஆனால் ஒருமுறை அறிவுரை சொல்லி அனுப்பிவிடுவது எங்கும் போதவில்லை என்பதில் ஐயமில்லை. மேலே சொன்ன 55 விழுக்காடு, அப்படி அனுப்பப்பட்டவர்களின் எண்ணிக்கை.

பரம்பரைகள் அறிந்த பாடம்

மருத்துவ ஆய்வு இப்போது கண்டுபிடித்ததை வடசென்னை வேறொரு வழியில் முன்பே அறிந்திருந்தது. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று குத்துச்சண்டைக் குழுக்கள் இங்கே தலைமுறைகளாக இயங்கின. 2021இல் வெளியான திரைப்படத்தால் தமிழுலகு முழுதும் அறிந்த பெயர் இது. 1980இல் முகம்மது அலி சென்னைக்கு வந்து காட்சிப் போட்டியில் கலந்துகொண்டபோது நகரம் திரண்டெழுந்ததற்கு இந்த மரபும் ஒரு காரணம்.

குத்துச்சண்டையில் எடையே தகுதி. தம் எடைப் பிரிவைத் தாண்டிய வீரர் அப்பிரிவில் களமேற முடியாது. எனவே உணவைக் கட்டுப்படுத்துவதும் விடியலில் ஓடுவதும் அவர்களுக்கு விருப்பம் சார்ந்தவை அல்ல. ஆயினும் 'எடையைக் குறை' என்று யாரும் அவர்களைத் தனியே விட்டுவிடவில்லை. வராதவரை 'ஏன் வரவில்லை?' என்று கேட்க வாத்தியார் இருந்தார். உடன் ஓடத் தோழர்கள் இருந்தனர். காத்திருக்கும் ஒரு களமும், காக்க வேண்டிய ஒரு பெயரும் இருந்தன. 'பரம்பரை' என்று அவர்கள் தம்மை அழைத்துக்கொண்டது எண்ணத்தக்கது. குருதித் தொடர்பு இல்லாதவர்களும் அதில் உறவினராயினர். ஒருவருடைய ஊக்கம் குன்றிய நாளில் மற்றவருடைய ஊக்கம் அவரைத் தாங்கியது. அங்கே ஊக்கம் பொதுச்சொத்து.

நடக்க இடம் எங்கே?

நான்காமவர் என்பது மனிதர் மட்டும்தானா? வள்ளுவரின் 'உழை' என்னும் சொல்லுக்கு இடம் என்றும் பொருள் உண்டு என்றோம். நடக்கச் சொல்வோர் நடக்கும் இடத்தையும் எண்ண வேண்டும்.

திருவொற்றியூர்க் கடற்கரையின் பெரும்பகுதியில் மணற்பரப்பைக் கடல் தின்றுவிட்டது. கற்கள் கொட்டிய தடுப்புச் சுவரே எஞ்சியிருக்கிறது. எண்ணூர் நெடுஞ்சாலையில் சரக்குப்பெட்டக வண்டிகள் நிரையாக நிற்கின்றன. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. அதே மாத இறுதியில், பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா வளி கசிந்து, மக்கள் நள்ளிரவில் வீடுகளைவிட்டு ஓடினர். காற்றை நம்ப முடியாத ஊரில் 'காலையில் எழுந்து கடற்கரையில் நடங்கள்' என்னும் அறிவுரை எவ்வளவு எளிதாகச் சொல்லப்படுகிறது! தமிழக அரசு 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைத் திட்டத்தைத் தொடங்கியது பாராட்டத்தக்கது. சென்னையில் அது அமைந்தது தெற்கே, அடையாறு, பெசன்ட் நகர்ப் பகுதியில். வடக்கேயும் அத்தகைய பாதைகள் வேண்டும் என்பது நம் வேண்டுகோள்.

பெண்களின் நிலை இன்னும் எண்ணத்தக்கது. இராயபுரத்து ஆய்வின் 531 பேரில் பெண்கள் 110 பேரே. குறுஞ்செய்தி ஆய்விலோ ஒருவரும் இலர். அது ஆண்களுக்கென்றே அமைந்தது. பணியிடங்கள் வழியே ஆளெடுத்த முறை இதற்குக் காரணம். தலையில் மீன்கூடை சுமந்து தெருத்தெருவாய் நடந்த பெண்ணுக்கு உடற்பயிற்சி தேவைப்படவில்லை. இன்று மூன்றாம் மாடிக் குடியிருப்பில் வாழும் அவர் மகளுக்குத் தேவைப்படுகிறது. அந்த மகள் எந்த நேரத்தில், எந்தத் தெருவில், யார் துணையோடு நடப்பார்? வீட்டாரெல்லாம் உண்டபின் எஞ்சியதை உண்ணும் வழக்கத்தில், அவருடைய தட்டை யார் கவனிப்பார்? குடும்பத்தில் அனைவருக்கும் உழைச்செல்வாராக இருப்பவருக்கு உழைச்செல்வார் எவருமிலர்.

2021 ஆகஸ்டில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மாத்திரையை வீட்டுவாசலுக்குக் கொண்டு சென்றது. நான்காமவரை அரசே அனுப்பிவைத்த ஏற்பாடு என்று அதனைச் சொல்லலாம். அவ்வாறு வாசலுக்கு வருபவர் 'மாத்திரை போட்டீர்களா?' என்பதோடு 'இன்று நடந்தீர்களா?' என்றும் கேட்பாராயின், இராயபுரத்துப் பாடம் தெருவெங்கும் பரவும்.

நான்காமவரைத் தேடி

இன்று வாரம் ஒருமுறை போட்டுக்கொள்ளும் எடைக் குறைப்பு ஊசிகள் வந்துவிட்டன. 2025இல் அவை இந்தியச் சந்தைக்கும் வந்தன. இனி நடையும் வேண்டா, உணவுக் கட்டுப்பாடும் வேண்டா என்று மகிழ்வோர் உளர். தேவையானவர்களுக்கு அவை பெரும் உதவி என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் செமாகுளூட்டைடு ஊசியை நிறுத்தியவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வில், அவர்கள் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டுக்குள் திரும்பி வந்தது. எதை மேற்கொண்டாலும் தொடர்வது எப்படி என்ற பழைய வினா நம்மோடு வந்துகொண்டேதான் இருக்கிறது.

நாட்டின் நிலையோ கவலைக்குரியது. 2023இல் வெளியான அகில இந்திய ஆய்வின்படி 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு இருக்கிறது. மேலும் 13 கோடியே 60 இலட்சம் பேர் அதன் வாயிலில் நிற்கின்றனர். வாயிலில் நிற்பவர்கள்தாம் இராயபுரம் தேடிய மக்கள். அவர்களுள் நம் வாசகர் பலரும், நம் வீட்டாரும், உடன் பணியாற்றுவோரும் இருக்கக்கூடும்.

அவர்களுக்கு இவ்வரலாறு சொல்வது சிலவே. தராசை ஒரே நீதிபதியாக அமர்த்த வேண்டா. இடுப்பின் சுற்றளவும் இரத்தச் சர்க்கரையும் மாடியேறும்போது வாங்கும் மூச்சும் சான்று சொல்லட்டும். கடைப்பிடிக்க முடியாத உணவுமுறையைத் தொடங்கவே வேண்டா. சோற்றைத் துறப்பதைவிட, அதில் ஒரு கரண்டியைக் குறைத்துக் காயும் பயறும் கூட்டுவது நெடுநாள் நிற்கும். வேலையில் வரும் நடையையும் நடையாகக் கணக்கிடுங்கள். இவையனைத்துக்கும் மேலாக, கேட்பதற்கு ஒருவரை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். வாழ்க்கைத் துணையாகவோ, அடுத்த வீட்டாராகவோ, அலுவலகத் தோழராகவோ, தொலைவில் இருக்கும் தங்கையாகவோ அவர் இருக்கலாம். வாரத்துக்கு ஒருமுறை அவர் கேட்டால் போதும். அவருக்கு நீங்கள் அவ்வாறே கேட்பவராக இருங்கள். கேள்வியில் ஏளனம் மட்டும் வேண்டா. ஏளனத்தால் நடக்கத் தொடங்கியவரைவிட நின்றுபோனவரே மிகுதி.

டாச்சிங் நகரத்து 577 பேரைச் சீன ஆய்வாளர்கள் முப்பது ஆண்டுகள் பின்தொடர்ந்தனர். நேரடித் துணை ஆறாண்டுகளோடு முடிந்துவிட்டது. ஆயினும் 2019இல் வெளியான முடிவின்படி, துணை பெற்றவர்களுக்கு நீரிழிவு ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் பிந்தியே வந்தது. அவர்களின் ஆயுள் சராசரியாக ஒன்றரை ஆண்டுக்குச் சற்றே குறைவான காலம் நீண்டது. ஆறாண்டு யாரோ உடன் நின்றதன் பயன், அவர்கள் விலகிய பின்னும் இருபத்து நான்கு ஆண்டுகள் நிலைத்திருக்கிறது. மருத்துவத்தின் நான்கு கூறுகளில் ஒன்றாக உழைச்செல்வானை வள்ளுவர் வைத்ததன் அருமை இதனால் விளங்கும்.